நித்யாவின் தட்டணுக்கள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். கருவியைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. இப்போது உங்கள் முன்னால் இருக்கும் ஃப்ளோ மெஷின் நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. அதில் எந்தப் பொத்தான் எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டைக் குடும்பம். அவர்கள் ரத்தத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தையும் பார்க்க நேர்ந்தது.

உங்களில் சிலர் நேற்றுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. வார்டில் பிளேட்லெட் என்பார்கள். எங்காவது ரத்தக்குழாய் கிழிந்தால் இவை ஓடிவந்து ஒன்றோடொன்று கைகோத்து அந்த ஓட்டையை அடைக்கும். கைகோக்க ஒரு புரதம் வேண்டும். அது தட்டணுவின் மேற்பரப்பில் இருக்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை நாம் வைத்திருக்கிறோம். அதன் பெயர் நாற்பத்தொன்று. அதன் முதுகில் ஒளிரும் சாயம் ஏற்றியிருப்பார்கள். மெஷினுக்குள் தட்டணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் போகும்போது, புரதம் இருந்தால் வெளிச்சம் வரும். இல்லையென்றால் வராது. அவ்வளவுதான்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் இருக்காது. கிளான்ஸ்மேன் நோய் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் தட்டணுக்கள் சரியாக இருக்கும். ஆனால் கைகோக்காது. ரத்தம் நிற்காது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பிள்ளை ஆரோக்கியமான பிள்ளை.

நித்யா அப்படி ஒரு பிள்ளை. எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பெரியவளாகி, வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரத்தில் எழுந்து நிற்க முடியாமல் சரிந்துவிட்டாள். முதல் தடவை வந்த உதிரப்போக்கு நிற்கவே இல்லை. ராயபுரத்தில் இருக்கும் எங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

குழந்தைகள் வார்டிலிருந்து ஓர் இளம் மருத்துவர் எனக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மேடம், பிளேட்லெட் கவுண்ட் நார்மல். ரத்தம் உறையற டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனா பிளீடிங் நிக்கல. தியேட்டருக்கு எடுத்துட்டுப் போகலாம்னு சொல்றாங்க. எதனாலன்னே தெரியாம கத்தி வைக்க எனக்குப் பயமா இருக்கு. பிளேட்லெட் மேல இருக்கற புரதம் பார்த்துச் சொல்றீங்களா?"

"சாம்பிள் அனுப்புங்க டாக்டர்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அனுப்புங்க."

நேரத்தைச் சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டால் நீங்கள் பார்ப்பது கடிகாரமாகிவிடும், மாதிரி அல்ல. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையிலிருந்து மழை. எண்ணூர் நெடுஞ்சாலையில் தண்ணீர் நின்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. மின்சாரம் போய், ஜெனரேட்டர் இழுத்துப் பிடித்து ஓட ஆரம்பிப்பதற்குள் ஆன்டிபாடி வைத்திருந்த குளிர்பெட்டி சூடாகிவிட்டது. ஒளிரும் சாயத்துக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. அதனால்தான் அந்தச் சின்னக் குப்பியை வெள்ளித்தாளில் சுற்றி இருட்டில் வைக்கிறோம்.

நித்யாவின் ரத்தத்தில் நாற்பத்தொன்றைச் சேர்த்து, மெஷினில் ஓட்டினேன். திரையில் எதுவும் எழும்பவில்லை. வெளிச்சம் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள், எது உண்மை? பிள்ளைக்குப் புரதம் இல்லையா, என் ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டதா? இரண்டுக்கும் திரையில் ஒரே படம்தான்.

போன் மறுபடி அடித்தது. "மேடம், வந்துடுச்சா?"

அந்த நேரத்தில் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. "புரதம் இல்லை" என்று சொல்லிவிடலாம். அந்த மருத்துவர் எதிர்பார்த்ததும் அதுதான். இல்லையென்றால் "மின்தடை, ஆன்டிபாடி சரியில்லை, நாளைக்குத் திரும்ப அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு என்பது அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் 'சார்' என்று மட்டும்தான் சொல்வோம். கறாரான மனிதர். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரி பக்கத்தில் இல்லாத எந்த முடிவையும் அவர் கையால் தொடமாட்டார். "கன்ட்ரோல் இல்லாத ரிசல்ட் வெறும் வதந்தி" என்பார். நான் என் கோட்டுக் கையை மடித்து, ரத்தம் எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் வேலை பார்த்த பெண்ணிடம் நீட்டினேன். என் ரத்தத்தில் அதே குப்பியிலிருந்து அதே ஆன்டிபாடி. மெஷினில் போட்டேன். வெளிச்சம் பளிச்சென்று எழும்பியது. குப்பியில் குறையில்லை.

அதோடு நிற்கவில்லை. நித்யாவின் குழாயில் நான் பார்த்துக்கொண்டிருப்பவை தட்டணுக்கள்தானா? அதற்கு வேறொரு ஆன்டிபாடி இருக்கிறது, நாற்பத்திரண்டு. அது தட்டணுவின் மேல் இருக்கும் வேறொரு புரதத்தைப் பிடிக்கும். அதைச் சேர்த்தேன். ஒளிர்ந்தது. ஆக, தட்டணுக்கள் நிறைய இருக்கின்றன. கைகோக்கும் புரதம் மட்டும் இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். திரையைப் பார்த்தார். "மாதிரி அந்தப் பொண்ணோடதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"லேபிள்ல பேர் இருக்கு சார்."

"வார்டு இன்னைக்கு இருக்கற நிலைமையில லேபிளை மட்டும் நம்பி ஒரு பிள்ளைக்கு ஆயுசு முழுக்க ஒரு நோயை ஒட்டிவிட முடியாது. நீங்களே போய் எடுத்துட்டு வாங்க."

போனேன்.

வார்டில் நித்யா சுவரோரக் கட்டிலில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அம்மா அமுதா. இன்னொரு பக்கம், கொஞ்சம் தள்ளி, அப்பா சேகர். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்றார். நான் ஊசியை எடுத்ததும் அவர் முன்னால் வந்தார்.

"இன்னா மேடம், மறுபடியுமா? குத்தினா நிக்கமாட்டேன்து மேடம். கவுண்டு நார்மலா கீதுன்றாங்க. நார்மலா இருந்தா ஏன் மேடம் நிக்கல?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவை."

எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். சாதாரணப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் போதும். இவளுக்குப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் அதைக் கவனித்தேன்.

அமுதா மகளிடம் குனிந்து, "நித்யா, உங்க நைனாவாண்ட சொல்லு, கேன்டீன்ல சூடா பால் வாங்கியாரச் சொல்லு" என்றாள்.

அவர் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் நகரவில்லை. நித்யா கண்ணை மூடிக்கொண்டே, "நைனா, பால் வாங்கினு வருவியாம்" என்றாள். அதன் பிறகுதான் போனார்.

அவர் போனதும் நித்யா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் ஆன்ட்டி போன்காரி."

"வாய மூடுடி" என்றாள் அமுதா. குரலில் கோபம் இல்லை.

புது மாதிரியிலும் அதே முடிவுதான் வந்தது. என் ரத்தம் ஒளிர்ந்தது, அவளுடையது ஒளிரவில்லை. சார் கையெழுத்துப் போட்டார். வார்டுக்கு நானே போன் செய்தேன். அந்த இளம் மருத்துவர் முடிவைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். தியேட்டர் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். தானமாக வந்த தட்டணுக்களை ஏற்றினார்கள், ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள். மெல்ல மெல்ல ரத்தம் நின்றது.

இந்த இடத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. நான் பல கூட்டங்களில் இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். கைதட்டுவார்கள். உங்களிடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

இந்த நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரவேண்டும். அதனால் அவர்கள் ரத்தத்தையும் பார்த்தோம். இருவருக்குமே வெளிச்சம் பாதிதான் வந்தது. இரண்டு பேரையும் ஆய்வகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவள்.

"பாதின்னா இன்னா மேடம்?" என்றார் சேகர்.

"உங்க ரெண்டு பேரையும் அது ஒண்ணும் செய்யாது. உங்ககிட்டேருந்து ஒரு குறை, அவங்ககிட்டேருந்து ஒரு குறை, ரெண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தா அந்தப் பிள்ளைக்கு நோய் வரும்."

அமுதா நிமிர்ந்தாள். "நான் இவுங்க அக்கா பொண்ணுதான். அதனாலயா?"

"சொந்தத்துல கட்டினா அப்படி நடக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா அது யார் தப்பும் இல்லம்மா."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எழுந்து போனார்கள், முன்னும் பின்னுமாக.

மறுநாள் சேகர் மட்டும் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று. கதவோரமாகவே நின்றார். உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்தேன். பையிலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்து வயதுப் பையன் போடும் அளவு. மார்பிலும் காலரிலும் பழுப்பாக ஒரு கறை.

"இது எங்க தினேசோட சட்ட மேடம். நித்யாவுக்குத் தம்பி. செத்துப்பூட்டான்."

நான் அந்தக் கறையைப் பார்த்தேன்.

"கூட்ஸ் ஷெட்டாண்ட ரயில் பெட்டிக்கு அடியில பூந்து பந்து எடுத்துகினு இருந்தான். நான் வேல முட்ச்சி வந்துகினு இருந்தேன், பாத்துட்டேன். பெட்டி நகந்தா இன்னா ஆவும்? பயந்துபூட்டேன். இஸ்துகினு வந்து ஒண்ணு உட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் மேடம். மூக்குல ரத்தம் வந்துச்சு. அவனுக்கு அப்பப்போ வரும், சூட்டு ஒடம்புன்னு எப்பவும் உட்ருவோம். தலைல தண்ணி ஊத்தினோம். நிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். அங்கயும் கவுண்டு நார்மல்னுதான் சொன்னாங்க. ரத்தம் ஏத்தினாங்க. பொழைக்கல."

சட்டையின் காலரை விரலால் நீவிவிட்டார்.

"அன்னிலேர்ந்து அமுதா என்னாண்ட பேசறதில்ல. வூட்ல சோறு வெப்பா, துணி தொவப்பா, பேச மாட்டா. நான் அதுக்குக் கோச்சிக்கல. எம் புள்ளைய அட்ச்சி சாவட்ச்சவன் நான். எங்கிட்ட இன்னா பேசறது?"

பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"நித்யாவுக்கு இருக்கிற அதே நோவு அவனுக்கும் இருந்துச்சா மேடம்? இதுல ரத்தம் கீது. உங்க மெஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

பிள்ளைகளே, அதை நம் மெஷினால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். நம் மெஷினுக்கு உயிரோடு இருக்கும் அணுக்கள் வேண்டும். காய்ந்த கறையில் அது எதையும் பார்க்காது. மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். "இதைத் துவைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ஒருக்கா தொவப்பேன் மேடம். அமுதா வேலைக்குப் போனப்புறம். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டேன். கற போவமாட்டேன்து."

அதன் பிறகு எந்தச் சோதனைக்கும் அதில் எதுவும் மிச்சமிருக்காது. சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார், சட்டையைப் பார்த்தார், நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். 'இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதியாகச் சொல்ல இயலாது' என்பார். என் வேலைக்காலம் முழுக்க அவர் வாயிலிருந்து கேட்ட வாக்கியம் அது.

சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு சேகருக்கு நேரே உட்கார்ந்தார்.

"இருந்தது" என்றார். "உங்க பையனுக்கும் இதே நோய் இருந்தது. வேற பிள்ளையா இருந்தா அந்த அடிக்குக் கன்னம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அவன் உங்க அடியால சாகல."

சேகர் நீண்ட நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சட்டையை மடித்தார். கையை மேலே வைத்துச் சமன்படுத்தி, பைக்குள் வைத்தார்.

"சரி சார்" என்றார். "ஆனா அட்ச்ச கை என்னுதுதானே சார்."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "சார், நாம எதுவும் பார்க்கலையே."

"பார்க்கலதான். ரிப்போர்ட்ல எழுதுன்னு சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டேன். வாயால சொன்னேன். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியவில்லை. அக்காவுக்கு இருந்தது, தம்பிக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது, ஒரு அடிக்கு உயிர் போனது. எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகிறது. ஆனாலும் அது நாம் பார்த்த முடிவு இல்லை. உங்கள் எதிரே ஒருவர் அப்படி வந்து உட்கார்ந்தால் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க இடமிருக்காது.

அமுதாவிடமும் சார் அதையே சொன்னார் என்று பிறகு தெரிந்தது. நான் அவளை வார்டில் பார்த்தபோது, கணவரிடம் பேசினாளா என்று கேட்டேன். என் வேலை இல்லைதான், கேட்டுவிட்டேன்.

"புரியுதும்மா" என்றாள். "டாக்டர் சொன்னது புரிஞ்சுது. மனசு கேக்கணுமே. அவன் கன்னத்துல அஞ்சு வெரலும் அப்டியே பதிஞ்சிருந்துச்சு. அதத்தான் நான் பாத்துகினே இருந்தேன், கடேசி வரிக்கும்."

நம் அறிக்கை வார்டுக்குப் போனால் சிகிச்சை மாறும். வீட்டுக்குள் எது மாறும், எது மாறாது என்று நமக்குத் தெரியாது. அவர்கள் இனிப் பேசிக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அது நடக்கவில்லை.

அதன் பிறகு நித்யா அடிக்கடி வருவாள். பல் ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், மாத்திரை ஒத்துக்கொள்ளாத மாதத்தில் பெரிய உதிரப்போக்கு. ஒவ்வொரு தடவையும் இருவரும் கூடவே வருவார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவார்கள், நடுவில் நித்யா. "நைனா, அம்மா உன்ன மத்தியானம் துன்னியான்னு கேக்குது." "அம்மா, நைனா துன்னுச்சாம்." சளைக்காமல் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே இருப்பாள். சில நேரம் அவர்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள் என்று எனக்குச் சந்தேகம். ஒரு தடவை, "நைனா, அம்மா உன்ன எளச்சிட்டன்னு சொல்லுது" என்றாள். அமுதா வாயே திறக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. சேகர் அன்று முழுக்கத் தன் சட்டையின் தொளதொளப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு லேப் டெக்னீஷியன் ஆக ஆசை. "உங்க மெஷின காட்டுங்க ஆன்ட்டி" என்பாள். ஒரு நாள் காட்டினேன். அவளுடைய தட்டணுக்கள் ஓடுவதைத் திரையில் பார்த்தாள். ஒளிராமல் கீழேயே கூட்டமாகக் கிடந்தன. "பாவம், எவ்ளோ கீது. ஒண்ணுமே பண்ணமாட்டேன்து" என்றாள், வேறு யாருடைய பிள்ளைகளையோ பார்ப்பதைப் போல.

ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. தானமாக வரும் தட்டணுக்களில் அந்தப் புரதம் இருக்கும். அவள் உடம்பு அதைப் பிறந்ததிலிருந்தே பார்த்ததில்லை. ஏற்ற ஏற்ற, இது அந்நியப் பொருள் என்று உடம்பு கற்றுக்கொண்டு அழிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அத்தியாவசியம் என்றால் மட்டுமே ஏற்றினோம். ஆனாலும் அத்தியாவசியம் அடிக்கடி வந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், தலை வலிக்கிறது என்று பெஞ்சில் தலை சாய்த்தாளாம். வாந்தி எடுத்தாள். எங்களிடம் கொண்டுவந்தபோது நினைவில்லை. மூளைக்குள் ரத்தக்கசிவு. கீழே விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. தானாகவே.

உடனே தட்டணுக்கள் ஏற்றினார்கள். ரத்தத்தை நிறுத்த வேறு என்னென்ன மருந்து உண்டோ அதுவும் போனது. ஏற்றியவை நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்கும் அதே நாற்பத்தொன்றுதான். அவளுடைய தட்டணுக்கள் ஒளிராது, தானமாக வந்தவை ஒளிரும். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதல் மாதிரியில் ஒளிர்ந்தவை ஒரு சின்னக் குன்றாக எழும்பி நின்றன. 'வந்துவிட்டன' என்று வாய்விட்டுச் சொன்னேன். சார் என் பின்னால் நின்றார். அடுத்த மாதிரி வந்தது. குன்று பாதியாகியிருந்தது. அதற்கடுத்ததில் தேட வேண்டியிருந்தது. பிறகு வந்ததில் ஒளிர்ந்தது எதுவும் இல்லை. அவளுடையவை மட்டும், எப்போதும் போல், கூட்டமாக.

இந்த வேலையில் இது ஒன்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சில நேரம் முதலில் தெரிவது நமக்குத்தான். வார்டில் அம்மா இன்னும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், டாக்டர் இன்னும் மருந்து எழுதிக்கொண்டிருப்பார், நமக்குத் தெரிந்துவிடும். அப்போது நான் செய்தது, குழாயை மறுபடி கலக்கி மறுபடி ஓட்டினேன். என் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். என்னுடையது பளிச்சென்று ஒளிர்ந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

"போன் நான் பண்றேன்" என்றார் சார்.

அன்று சாயங்காலத்துக்குள் நித்யா இறந்துவிட்டாள்.

நான் கீழே போனேன். போகவேண்டிய அவசியம் எதுவும் இல்லை, ஆய்வகத்தில் இருக்க முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தாழ்வாரத்தில் அமுதா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சேகர் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். இருவரும் அழவில்லை. ஒரு செவிலியர் வெளியே வந்து, பிள்ளைக்கு மாற்றுத்துணி வேண்டும், வீட்டிலிருந்து எடுத்து வர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

அமுதா தலையாட்டினாள். பழக்கத்தில் தன் பக்கவாட்டில் திரும்பி, "நித்யா, உங்க நைனாவாண்ட சொல்லு..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

பெஞ்சில் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி எதிரே நின்ற கணவரைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"இவள யாரும் அடிக்கலயே மாமா."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக, அவரிடம் சண்டை போடுவதைப் போல. "இவள யாருமே தொடக்கூட இல்லியே. சும்மா ஒக்காந்துகினு இருந்தாளே மாமா. யாரு அட்ச்சா இவள?"

சேகர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அமுதா எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவருடைய வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தினேஷ் போனபோது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழவில்லையாம். நித்யாவின் காரியம் முடிந்து வெகு நாள் கழித்து அமுதாதான் என்னிடம் சொன்னாள். அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதார்கள்.